மழை நாளில் சரக்கு தடைப்பட்டால்: டெல்டா மளிகைக் கடைகளுக்கு உடனுக்குடன் தகவல் தரும் ஏற்பாட்டை அமைக்கும் முறை

ஐப்பசி பிறந்துவிட்டால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்து மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒரே கவலைதான். தீபாவளிக்காகச் சரக்கு அதிகம் தேவைப்படும் அதே வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வலுக்கிறது. விருதுநகரிலிருந்து புறப்பட்ட பருப்பு லோடு வழியில் நின்றுவிட்டது என்பது, பெரும்பாலும் கடையில் கடைசி மூட்டையைப் பிரித்த பிறகே தெரிய வருகிறது. மழையை நாம் நிறுத்த முடியாது. ஆனால் தடை ஏற்பட்டதற்கும் அது நமக்குத் தெரிய வருவதற்கும் இடையே வீணாகும் இரண்டு மூன்று நாட்களைச் சில மணி நேரமாகக் குறைக்க முடியும். அதற்கு ஒரு ஸ்மார்ட்போன், கடையில் ஏற்கெனவே உள்ள பில்லிங் கணினி, கூகுள் ஷீட்ஸ் என்ற கணக்குத் தாள் செயலி ஆகிய மூன்றும் போதும். இவற்றைப் பயன்படுத்திப் பழகும் முன்பே விலை உயர்ந்த மென்பொருள் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: இருபது பொருட்களைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் ஆயிரம் பொருட்கள் இருக்கலாம். அரிசி, துவரம் பருப்பு, உளுந்து, சர்க்கரை, எண்ணெய், ரவை, பால் பவுடர், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி என, இல்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடக்கூடிய இருபதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இருப்பைச் சரியாக்குங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஆகவே இதற்கு ஒரு வாரம் ஒதுக்கினாலும் தவறில்லை. பாக்கெட்டில் வரும் பொருள் பார்கோடு வழியாக விற்கும்போது கணினியில் இருப்பு தானாகக் குறைந்துவிடும். சிக்கல் சில்லறையாக விற்கும் சரக்கில் இருக்கிறது. 50 கிலோ பருப்பு மூட்டை ஒன்றைப் பிரித்து அரைக் கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களாகக் கட்டுகிறோம். பொட்டலங்கள் பில்லில் ஏறுகின்றன. ஆனால் மூட்டையை யாரும் கணக்கிலிருந்து எடுப்பதில்லை. கணினி நான்கு மூட்டை இருப்பதாகக் காட்டும். கிடங்கில் இரண்டுதான் இருக்கும். நான் கணக்கு பார்த்துக் கொடுத்த ஒரு கடையில், இந்தப் பிழையால் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு உளுந்து கொள்முதலே செய்யாமல் இருந்துவிட்டோம். மூட்டையைப் பிரிக்கும் ஊழியர் அந்த நேரத்திலேயே ‘மூட்டை ஒன்று செலவு, பொட்டலம் இத்தனை வரவு’ என்று பதிவு செய்ய வேண்டும். சிந்தியது, வண்டு விழுந்தது ஆகியவற்றைச் சேதாரம் என்று தனியே எழுத வேண்டும். வாரம் ஒரு முறை இருபது பொருட்களையும் கையால் எண்ணிக் கணினியோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாம் படி: எச்சரிக்கும் தாளை அமையுங்கள்

கூகுள் ஷீட்ஸில் பொருளின் பெயர், இப்போதைய இருப்பு, ஒரு நாள் சராசரி விற்பனை, ஆர்டர் கொடுத்தால் வந்து சேரும் நாட்கள், கைக்காப்பு இருப்பு (லோடு தாமதமானால் சமாளிக்க ஒதுக்கி வைப்பது), ஆர்டர் அளவு என ஆறு பத்திகள் போதும். நாள் விற்பனையை வரும் நாட்களால் பெருக்கி, கைக்காப்பைக் கூட்டினால் ஆர்டர் அளவு கிடைக்கும். இது எவ்வளவு வாங்குவது என்பதல்ல; இருப்பு இதற்குக் கீழே இறங்கினால் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதற்கான எல்லை. இருப்பு அதற்கு மேல் இருந்தால் கட்டம் பச்சையாகவும், கீழே இறங்கினால் சிவப்பாகவும் இருக்க வேண்டும்.

துவரம் பருப்பு நாளொன்றுக்கு 40 கிலோ விற்கிறது, லோடு வர 3 நாள் ஆகிறது, இரண்டு நாள் விற்பனையான 80 கிலோவைக் கைக்காப்பாக வைக்கிறீர்கள் என்றால், ஆர்டர் அளவு 200 கிலோ. இப்போதைய இருப்பு 260 கிலோ என்றால் கட்டம் பச்சையாக இருக்கும். மழையால் லோடு வர 6 நாள் ஆகும் என்று லாரி ஆபீஸ் சொன்னதும், 3 என்ற எண்ணை 6 என்று மாற்றுங்கள். ஆர்டர் அளவு 320 ஆக உயர்ந்து, அதே 260 கிலோ சிவப்பாக மாறும். கடையில் ஒரு பொட்டலம்கூட குறையவில்லை. ஆனாலும் இன்றே வேறு வழி தேட வேண்டும் என்று தாள் சொல்லிவிடுகிறது. இந்த நிற மாற்றத்தைக் கண்டிஷனல் ஃபார்மட்டிங் என்ற வசதியில் ஒரே ஒரு முறை அமைத்தால் போதும். சாதாரண நாளில் மதியமும் இரவும், மழை எச்சரிக்கை உள்ள நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் பில்லிங் கணினியில் உள்ள இருப்பைத் தாளில் ஏற்றுங்கள். தக்காளி, பச்சை மிளகாய் போன்ற அழுகும் சரக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றை அதிகமாக வாங்கி அடுக்கினால் நட்டம்தான் மிஞ்சும்.

நான்காம் படி: லாரியையும் வானத்தையும் கவனியுங்கள்

லோடு ஏறியதும் மொத்த வியாபாரியிடம் லாரி எண்ணையும், இ-வே பில் (சரக்கை ஏற்றிச் செல்வதற்கான ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) இருந்தால் அதன் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி வரி உள்ள சரக்காயின், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், வெளிமாநிலத்திலிருந்து வருவதாயின் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும் பொதுவாக இது கட்டாயம். வழியில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் அந்த வண்டி எண்ணையும் அதில் பதிய வேண்டும் என்பதால், மாற்றம் நடந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஓட்டுநர் சம்மதித்தால் வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தைப் பகிரச் சொல்லுங்கள். ஒரு முறை பகிர்ந்தால் அதிகபட்சம் எட்டு மணி நேரம் வரை தெரியும். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரை அடிக்கடி அழைத்துத் தொந்தரவு செய்யாமல் இருக்கவும் இது உதவுகிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்டவாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர் மாவட்டங்களோடு சரக்கு புறப்படும் மாவட்டத்தையும், வழியில் உள்ள மாவட்டங்களையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். இங்கே வெயில் அடிக்கும்போதே வழியில் எங்கோ பெய்த மழையால் லோடு நின்றுவிடுவது உண்டு.

ஐந்தாம் படி: முடிவை முன்கூட்டியே எழுதி வையுங்கள்

தகவல் உடனே வந்தும், என்ன செய்வதென்று யோசிப்பதில் நேரம் போனால் பயனில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இரண்டாவது மொத்த வியாபாரியின் பெயரையும், அவர் தரக்கூடிய அளவையும் எழுதுங்கள். இவர் வேறு ஊரில், வேறு சாலையில் இருப்பது முக்கியம். விருதுநகர் சரக்குக்குத் தஞ்சாவூர் அல்லது திருச்சி மண்டி மாற்றாக அமையலாம். 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, அது ஒன்றையே நம்பியிருந்தவர்கள் திண்டாடிப்போனார்கள். மழை இல்லாத மாதத்தில் இரண்டாமவரிடம் சிறு கொள்முதல் செய்து, பாக்கி வைக்காமல் உறவைப் பேணுங்கள். அவசரத்தில் முதன்முறையாகப் போய் நிற்பவருக்கு யாரும் இருப்பை எடுத்துத் தர மாட்டார்கள்.

தட்டுப்பாடு வருவது உறுதியானால் ஒரு குடும்பத்துக்கு இத்தனை கிலோ என்று அளவு வைத்து, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் மூலம் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவியுங்கள். உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே இச்செய்தி போய்ச் சேரும். ஆகவே கல்லாவுக்கு எதிரே எண்ணை எழுதிச் சேமிக்கச் சொல்வதை இப்போதே செய்யுங்கள்.

ஆறாம் படி: மின்சாரம் போனால்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. அத்தகைய நாளில் மேற்சொன்ன எதுவும் இயங்காது. ஆகவே ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும் தாளை அச்செடுத்துக் கல்லாவில் வையுங்கள். போனில் அதே தாளை ஆஃப்லைனில் திறக்கும்படி அமையுங்கள். பவர் பேங்கைச் சார்ஜ் ஏற்றுங்கள். யூபிஐ நின்றுவிடும் என்பதால் சில்லறைப் பணமும் தேவை. விற்பனையை நோட்டில் எழுதி, மின்சாரம் வந்ததும் முதல் வேலையாகக் கணினியில் ஏற்றுங்கள்.

மழை ஓய்ந்து லோடு வந்து இறங்கும் அன்று, மூட்டைகளை அடுக்கும் முன்பே ஒரு சிறு வேலை பாக்கி இருக்கிறது. ஆர்டர் கொடுத்த தேதியையும் சரக்கு இறங்கிய தேதியையும் தாளின் ஓரத்தில் குறியுங்கள். 6 நாள் என்று சொன்னது 8 நாள் ஆகியிருந்தால், அடுத்த ஐப்பசிக்கு அந்தக் கட்டத்தில் எழுத வேண்டிய எண் 8.