மரவள்ளிப் பாத்தியைப் பெருச்சாளியிடமிருந்து காப்பது எப்படி?

காலையில் போய்ப் பார்த்தால் மரவள்ளிச் செடி சாய்ந்து கிடக்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும், கீழே கிழங்கு இருக்காது. பக்கத்தில் பொடிமண் குவியலும் வளையும் இருந்தால் அது பெருச்சாளி வேலைதான். பொறி, விஷம், பாச்சை உருண்டை என்று எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பாத்திக்கு அடியில் கம்பி வலை போட்டேன். அதற்கப்புறம்தான் கிழங்கு வீட்டுக்கு வந்தது.

1. ஆள் இருக்கும் வளையைக் கண்டுபிடியுங்கள்

ஐந்தாறு வளை இருந்தாலும் எல்லாவற்றிலும் குடியிருப்பு இருக்காது. சாயங்காலம் எல்லா வாயையும் ஈரமண்ணால் அடைத்துவிடுங்கள். மறுநாள் எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. வளைக்குள் கையை மட்டும் விடாதீர்கள், பாம்பும் தங்கும். எலி மூத்திரம் கலந்த ஈரமண்ணால் எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதால் கையுறையும் பூட்ஸும் அவசியம்.

2. சாப்பாட்டை நிறுத்துங்கள்

மீந்த சோறு, கோழித் தீவனம், நாய்த் தட்டு எதையும் ராத்திரி வெளியே வைக்க வேண்டாம்.

3. கூண்டு வையுங்கள்

வளர்ந்த பெருச்சாளி அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். சுண்டெலிக் கூண்டு போதாது, பெரியதாக வாங்குங்கள். புதுப்பொருளைக் கண்டால் எலி ஒதுங்கிப் போகும். அதனால் இரண்டு மூன்று நாள் கதவைத் திறந்தபடி கட்டிவைத்து, உள்ளே கருவாடோ மசால் வடையோ போட்டுப் பழக்குங்கள். பயமில்லாமல் வந்து தின்ன ஆரம்பித்ததும் பொறியை மாட்டுங்கள். வயலில் வைக்கும் தஞ்சாவூர்க் கிட்டி (மூங்கில் வில்பொறி) நல்ல கருவிதான், ஆனால் குழந்தைகளும் கோழியும் நடமாடும் வீட்டில் வைக்க மாட்டேன். விஷமும் வேண்டாம். அதைத் தின்ற எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அது ஆபத்து.

4. வலை போடுங்கள்

முக்கியமான வேலை இதுதான். அரை அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பி வலை) வாங்குங்கள். கோழி வலை வேண்டாம். கம்பி மெல்லிசு, கண்ணும் பெரிசு. பாத்தியை இரண்டடி ஆழம் தோண்டி, அடியிலும் நான்கு பக்கமும் தொட்டிபோல வலையை விரியுங்கள். பக்க வலை தரைக்கு மேல் அரையடியாவது நிற்கட்டும். இரண்டு வலைத் துண்டுகள் சேரும் இடங்களில் நான்கு விரல் அகலம் மேலடுக்காக வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். அந்தச் சேர்ப்பில்தான் எனக்கு முதல் தடவை ஓட்டை விழுந்தது.

தோட்டம் முழுக்கத் தோண்ட முடியாதென்றால் வேலியோரம் ஒன்றரை அடிக் குழி எடுங்கள். வலையை உள்ளே இறக்கி, அடிப்பக்கத்தில் ஓர் அடியை வெளிப்புறமாக மடித்துப் புதையுங்கள். பெருச்சாளி வேலியடியைத் தொட்டுத்தான் தோண்டும். கீழே வலை தட்டினால், ஓர் அடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று பெரும்பாலும் அதற்குத் தோன்றுவதில்லை.

5. பழைய வளையை மூடுங்கள்

ஆள் போனது உறுதியானதும் வளையை வெட்டித் திறந்து, கல்லும் மண்ணும் போட்டு இடியுங்கள். வாயை மட்டும் மூடிவிட்டால் அடுத்த மழைக்குள் இன்னொன்று குடிவந்துவிடும்.