ஆன்லைனில் விலை குறைந்த சார்ஜரும் கேபிளும் வாங்குவது எப்படி? முதன்முறை வாங்குபவர்களுக்கு

பெங்களூர் அல்சூரில் எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் அக்கா தையல் வேலை செய்பவர். ரவிக்கை மாடல் படம், அளவு, ஆர்டர், பணம் எல்லாமே அவருக்குப் போனில்தான் வரும். போன தீபாவளிக்கு முன்னால் அவருடைய கேபிள் அறுந்துபோனது. "தம்பி, ஆன்லைன்ல நீயே பார்த்து ஒண்ணு போட்டுடுப்பா" என்றார். "65 வாட் ஃபாஸ்ட் சார்ஜிங்" என்று போட்டிருந்த கேபிளை 149 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி முழுக்கச் செருகி வைத்தும் காலையில் பாதிதான் ஏறியிருந்தது. போன்தான் பழுது என்று நினைத்து அக்கா 1,200 ரூபாய் கொடுத்துப் பேட்டரியை மாற்றிவிட்டார். அப்போதும் சரியாகவில்லை. கடைசியில் என் கேபிளை அவருடைய சார்ஜரில் மாட்டிப் பார்த்தோம், ஒன்றரை மணி நேரத்தில் நிறைந்துவிட்டது. அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருந்தது. பண்டிகை நேரத்தில் அவர் ராத்திரி கண்விழித்துத் தைத்த காசு அது. இன்னும் எனக்கு உறுத்துகிறது. அதன்பிறகு தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: போனின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

செட்டிங்ஸில் "அபௌட் போன்" பகுதிக்குப் போனால் பெயரும் மாடல் எண்ணும் இருக்கும். கவர், டெம்பர்டு கிளாஸ் வாங்க இது மிக முக்கியம். ஒரே பெயரில் 4ஜி, 5ஜி, புரோ என்று பல போன்கள் வருகின்றன. கேமரா துளை இடம் மாறிவிடும். டெம்பர்டு கிளாஸில் "11டி" என்று போட்டிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்கென்று எந்தத் தர அளவும் கிடையாது.

படி 2: சார்ஜரின் வாட் கணக்கை நீங்களே போடுங்கள்

தலைப்பில் எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் "அவுட்புட்" வரியைப் பெரிதாக்கிப் படியுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 5 வோல்ட், 3 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால் 15 வாட்தான், தலைப்பில் 65 என்று இருந்தாலும் சரி. அந்த வரி தெரிகிற மாதிரி ஒரு படம்கூட இல்லையென்றால் நான் வாங்குவதில்லை.

வாட் சரியாக இருந்தும் வேகம் வராமல் போகலாம். சில போன் நிறுவனங்கள் வேக சார்ஜிங்குக்குத் தங்களுக்கென்று தனி முறை வைத்திருக்கின்றன. சில போன்களுக்கு யூஎஸ்பி பிடி (பல நிறுவனங்களுக்கும் பொதுவான வேக சார்ஜிங் முறை) போதும், சிலவற்றுக்கு அதோடு பிபிஎஸ்ஸும் (வோல்ட்டேஜைத் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக மாற்றும் வசதி) வேண்டும். போனும் சார்ஜரும் ஒரே முறையில் பேசிக்கொள்ளாவிட்டால் மெதுவாகத்தான் ஏறும். எந்த முறை என்று போனோடு வந்த பெட்டியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கிறதா பாருங்கள்.

படி 3: கேபிள்

பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் கெட்டது உள்ளே இருக்கிறது. மேலே நைலான் பின்னல், உள்ளே தலைமுடி மாதிரி செம்புக் கம்பி. கம்பி மெலிந்தால் வழியிலேயே வோல்ட்டேஜ் குறைந்துபோகும். போன் அதைப் பார்த்து, இழுக்கும் கரண்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். அக்காவின் போனுக்கு நடந்தது இதுதான். கேபிள் நீளமாக ஆக இந்த இழப்பும் கூடும். அதனால் மலிவில் வாங்குவதென்றால் ஒரு மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு முனையும் டைப்-சி என்றால், 60 வாட் வரைக்கும் சாதாரண 3 ஆம்பியர் கேபிள் போதும். அதற்கு மேல் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அதன் முனைக்குள் "இ-மார்க்கர்" என்ற சின்ன சிப் இருக்க வேண்டும். 100 வாட் என்று விற்பவர் அந்தச் சிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையா, சந்தேகப்படுங்கள். இன்னொன்று: சில கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது. சார்ஜ் ஏறும், ஆனால் கணினிக்குப் படம் மாற்ற முடியாது. விவரத்தில் "டேட்டா" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்.

படி 4: பிஐஎஸ் பதிவு எண்ணைச் சரிபாருங்கள்

இந்தியாவில் விற்கும் சார்ஜருக்கும் பவர் பேங்க்குக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். பொருளின் மேல் பிஐஎஸ் முத்திரையோடு "ஆர்" என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். "பிஐஎஸ் கேர்" என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர், பிராண்ட், பொருள் வகை எல்லாம் வரும். கையில் இருக்கும் பிராண்டும் அதில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். சுவரில் செருகி, குழந்தை தூங்கும் கட்டில் பக்கத்தில் வைக்கிற பொருள் இது. தயவுசெய்து இந்தப் படியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

பவர் பேங்க்குக்கு ஒரு கணக்கு. 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் அளவு. 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது அது 7,400. மாற்றும்போது வீணாவதும் போனால் இன்னும் குறையும். 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். "ரேட்டட் கெபாசிட்டி" என்று போட்டிருப்பதுதான் உங்களுக்குக் கிடைப்பது.

படி 5: விற்பவரையும் திருப்பும் விதியையும் படியுங்கள்

"ரிட்டர்ன்" வேறு, "ரீப்ளேஸ்மென்ட்" வேறு. இரண்டாவது மட்டும் இருந்தால் பணம் வராது, பெரும்பாலும் அதே மட்டமான கேபிள்தான் இன்னொன்று வரும். விற்பவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது என்பதெல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது 2020 மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதி.

படி 6: ஐந்து நட்சத்திரத்தைத் தாண்டிப் போங்கள்

ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரையான கருத்துகளை, புதியவை முதலில் வரும்படி வைத்துப் படியுங்கள். வாங்கியவர் எடுத்த படங்களையும் பாருங்கள். நிறம், நீளம் மாறுபட்ட பொருள்களின் கருத்துகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டுவது உண்டு. நீங்கள் பார்க்கும் வகையைப் பற்றியா எழுதியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். "இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன்" என்று தொடங்கும் ஒரு கருத்து, வந்த அன்றே எழுதிய நூறு பாராட்டைவிட எனக்குப் பெரிது.

படி 7: வந்த அன்றே சோதியுங்கள்

பார்சலின் மேலிருக்கும் சீட்டு தெரியும்படி, நடுவில் நிறுத்தாமல் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். அப்புறம் போன் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது, ஒரே சார்ஜரில் பழைய கேபிளோடு 15 நிமிடம், புதியதோடு 15 நிமிடம். எத்தனை சதவீதம் ஏறியது என்று எழுதுங்கள். 80க்கு மேல் பெரும்பாலான போன்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது சோதித்தால் ஒன்றும் தெரியாது. கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

அக்காவுக்கு அடுத்த கேபிளை எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். கடைக்காரர் மாட்டிப் பார்க்க விட்டார். ஆன்லைன் விலையைவிட நாற்பது ரூபாய் அதிகம், ஆனால் இன்றுவரை குறையில்லை. அவசரத்துக்கு இப்படி நேரில் போவதே நல்லது.

படி 8: பணம் தர மறுத்தால்

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். ஆர்டர் எண், பில், பிரித்த வீடியோ, 15 நிமிடச் சோதனைக் கணக்கு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகாருக்கு ஓர் எண் தருவார்கள், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.