புக்கெட்டிலிருந்து லங்காவிக்குப் பாய்ப்படகில்: இரண்டே பேர் போவதென்றால்

டிசம்பர் முதல் மார்ச் வரை அந்தமான் கடலில் வாடைதான். வடகிழக்கிலிருந்து வரும் காற்றை இடப்பக்கம் வாங்கிக்கொண்டு தென்கிழக்கே ஓடலாம் என்பதால் தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து மலேசியாவின் லங்காவிக்குக் கிளம்புவது சுகம். பாய் ஏற்றி இறக்குவதில் இரண்டு பேருக்குப் பெரிய சிரமமில்லை. கணவன் மனைவிக்குள் சண்டை மூள்வது நங்கூரம் போடும்போதுதான்.

புக்கெட்டின் சலோங்கிலிருந்து பீ பீ தீவு சுமார் 25 கடல் மைல். அங்கிருந்து கோ ரோக் தீவு 36, அதிலிருந்து கோ லீப்பே தீவு 45, அதிலிருந்து லங்காவி 25. மணிக்கு 5 மைல் என்றே கணக்குப் போடுங்கள். லீப்பே ஓட்டத்துக்கு விடிவதற்குள் கிளம்பினால்தான் மூன்று மணிக்காவது சேரலாம். வெயில் சாய்ந்துவிட்டால் பவளத்திட்டு கண்ணுக்குத் தெரியாது. வாடகைப் படகு என்றால் எல்லை தாண்ட விடுவார்களா என்று முன்பணம் கட்டுமுன் கேளுங்கள், பலர் விடுவதில்லை. சொந்தப் படகென்றால், கிளியரன்ஸ் (நாட்டை விட்டுக் கிளம்பும் அனுமதி) வாங்கிய பிறகு வழியில் எத்தனை நாள் தங்கலாம் என்று சலோங் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சங்கிலிக் கணக்கு: ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு நீளம் நங்கூரச் சங்கிலி விட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல் 2.5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீர் வற்றியிருக்கும்போது போய்ச் சேர்கிறீர்கள், ஆழம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏறப்போகும் 2.5, நீர்மட்டத்துக்கு மேல் அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 1, ஆக 8.5. இதை ஐந்தால் பெருக்கினால் 42 மீட்டர் சொச்சம். வெறும் ஐந்தைப் பெருக்கி 25 மீட்டர் விட்டவர்களின் படகுதான் நள்ளிரவில் நீர் ஏறியதும் நகர ஆரம்பிக்கும். நீர் நிறைந்திருக்கும்போது சேர்ந்தால் கணக்கு தலைகீழ்: அதே 5 மீட்டரில் 2.5 வற்றிப்போனால், 1.8 மீட்டர் அமிழும் படகுக்கு அடியில் மிஞ்சுவது 70 சென்டிமீட்டர்.

சுக்கானில் ஒருவர், அணியத்தில் ஒருவர். விண்ட்லாஸ் (சங்கிலியை இறக்கி ஏற்றும் இயந்திரம்) இருந்தால் சங்கிலி வேலைக்குப் பலம் வேண்டாம். படகை நன்றாக நிறுத்தத் தெரிந்தவர் சுக்கானைப் பிடிக்கட்டும். எஞ்சின் சத்தத்தில் கத்திப் பயனில்லை. முன்னே, பின்னே, நிறுத்து, நியூட்ரல் என்று நான்கு கைச்சைகைகளைக் கரையிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு எதிரே மெல்ல வந்து, மணல் தெரியும் இடத்தில் படகு அசையாமல் நின்ற பிறகே நங்கூரத்தை இறக்குங்கள். அது தரை தொட்டதும் படகு பின்னோக்கி நகர நகரச் சங்கிலியை விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நங்கூரத்தின் மேலேயே குவிந்து சிக்கிக்கொள்ளும். முழுவதும் விட்டதும் ரிவர்ஸில் ஐடிலில் இழுத்துப் பார்த்து, பிறகு 1,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம். அணியத்தில் நிற்பவர் சங்கிலியைக் கையால் தொட்டிருக்க வேண்டும். விறைத்து அமைதியாக நின்றால் பிடித்துவிட்டது. தடதடவென்று அதிர்ந்தால் நங்கூரம் உழுதுகொண்டு வருகிறது. தூக்கி மறுபடி போடுங்கள், கூச்சப்படாதீர்கள். கடைசியில் 12 மில்லிமீட்டர் நைலான் கயிற்றில் ஸ்நப்பர் (சங்கிலியையும் படகையும் இணைத்து இழுவையைத் தாங்கும் கயிறு) மாட்டி இழுவையை அதற்கு மாற்றுங்கள். விண்ட்லாஸ் பாரம் தாங்கச் செய்ததல்ல. அதன் பல்சக்கரம் போய்விட்டால் மிச்சப் பயணம் முழுக்கக் கையால்தான்.

கோ ரோக்கில் இரண்டு தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் பலமாக இருக்கும், அடியில் பவளம். அங்கே நங்கூரத்தை மறந்துவிட்டு, படகு கட்டுவதற்கென்று போட்டிருக்கும் மிதவையைப் பிடியுங்கள். உங்கள் கயிற்றை மிதவை வளையத்துக்குள் விட்டு இரு முனையையும் படகில் கட்டினால், கிளம்பும்போது ஒரு முனையை அவிழ்த்தாலே போதும். பிடித்த கையோடு ஒருவர் கண்ணாடி மாட்டிக் குதித்து, மிதவையின் அடிக்கயிறு நைந்திருக்கிறதா பார்க்க வேண்டும்.

இரவு ஓட்டம் வேண்டாம். பச்சை விளக்கு எரியும், கணவாய் மீன் பிடிக்கும் படகுகள் தூரத்திலேயே தெரியும். விளக்கில்லாத வலை மிதவை தெரியாது. பகலிலும் கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் உடனே நியூட்ரல், பிறகு எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். பாயையும் இறக்கி, படகு ஓடாமல் நின்ற பிறகே கத்தியோடு தண்ணீரில் இறங்கலாம். மற்றவர் மேலேயே இருக்க வேண்டும், இறங்கியவரின் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி.