சென்னை வீட்டில் பவளத் தொட்டி: முதலில் ஒரு வாளித் தண்ணீர்

உயிருள்ள கடல் பவளம் வளர்க்கத் தொட்டி வாங்கக் கிளம்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அதில் ஒரு தெர்மாமீட்டரைப் போடுங்கள். ஒரு வாரம், காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் செய்தால் இன்னும் நல்லது. பெரம்பூரில் என் மூன்றாவது மாடி வீட்டு ஹாலில், மே மாத மதியத்தில் அந்த வாளி 33 டிகிரி காட்டியது. பவளத்துக்கு வேண்டியது 25 முதல் 27. நடுவில் இருக்கும் ஆறேழு டிகிரிக்கு வழி செய்யாமல் மற்ற எதற்கும் பணம் போடாதீர்கள்.

வெளிநாட்டு வீடியோக்கள் ஹீட்டரில் தொடங்கும். நம் ஊரில் எதிரி வெயில்தான். பவளத்தின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தில் சமைத்துத் தரும் சாப்பாட்டில்தான் பவளம் பெரும்பாலும் உயிர் வாழ்கிறது. தண்ணீர் சூடேறி அப்படியே நின்றால் பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பெரிய அளவில் நடந்தது இதுதான். கடலிலேயே அந்தக் கதி என்றால் 190 லிட்டர் கண்ணாடிப் பெட்டி எம்மாத்திரம்?

நான் முதலில் ஃபேன் வைத்துப் பார்த்தேன். தண்ணீரின் மேல் காற்று வீசினால் ஆவியாகும்போது சூடு குறையும். ஆனால் சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், ஆவியாவது குறைவு. எனக்கு இரண்டு டிகிரிதான் இறங்கியது. கடைசியில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கினேன். மொத்தச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டியது, அதில் கால்வாசி சில்லருக்கே போனது. சில்லரைத் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைத்து மூடாதீர்கள். அது வெளியே விடும் அனலையே திரும்ப இழுத்து, நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். என்னுடையது ஜன்னலைப் பார்த்து நிற்கிறது.

சரி, தொட்டி. சிறியது சுலபம் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. கொஞ்சம் தண்ணீரில் ஒரு மீன் செத்தாலும் எல்லாம் கெட்டுவிடும், நிறையத் தண்ணீர் தவறைத் தாங்கும். நான் கொளத்தூரில் ஒட்டி வாங்கியது மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 மில்லிமீட்டர் கண்ணாடி. கீழே சம்ப் என்று இரண்டடித் தொட்டி ஒன்று. மேல் தொட்டி வழிந்து சம்புக்கு இறங்கும், சம்பிலிருந்து மோட்டார் மேலே ஏற்றும். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 250 கிலோவைத் தாண்டும். ஹால் நடுவில் வைக்காமல் தரைக்குக் கீழே பீம் ஓடும் சுவரோரம் வையுங்கள். இரும்பு ஸ்டாண்ட் என்றால் இரண்டு கை எபாக்ஸி பெயின்ட் அடியுங்கள், உப்புக்காற்று வீட்டுக்குள்ளேயே வீசப்போகிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, தெர்மோகோல் ஷீட் விரித்து, அதன் மேல் தொட்டியை இறக்குங்கள். மூன்று நாள் வெறும் குழாய்த் தண்ணீர் நிரப்பிக் கசிவு பாருங்கள்.

அந்த மூன்று நாளில் இன்னொரு சோதனையும் உண்டு. மோட்டாரைத் திடீரென்று நிறுத்துங்கள். மேலே இருக்கும் தண்ணீர் குழாய் வழியாகவே சம்புக்குத் திரும்பி வரும். சம்பில் இடம் இல்லையென்றால் ஹாலெல்லாம் வெள்ளம். எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் போனபோது அப்படித்தான் ஆனது. மோட்டார் மேலே ஏற்றும் குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அங்குலம் மட்டும் கீழே வைத்துவிட்டால், அவ்வளவு இறங்கியதும் காற்று புகுந்து நின்றுவிடும். சிலர் குழாயில் சின்ன ஓட்டை போடச் சொல்வார்கள். அந்த ஓட்டையைப் பாசி அடைத்துக்கொள்ளும், அதை நம்ப வேண்டாம்.

எல்லா ஒயரும் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கி வளைந்து மேலேறட்டும். அப்போதுதான் ஒயரில் வழியும் உப்புத் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் பிரேக்கர் ஒன்றைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். கை நனையும் இடத்தில் இதற்கு மாற்றே கிடையாது.

தண்ணீருக்கு வருவோம். எங்கள் அபார்ட்மென்ட் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, ஆயிரத்தைத் தொடும். மெட்ரோ தண்ணீரில் குளோரின். சமையலறை ஆர்ஓவும் போதாது, குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று அதில் தாது உப்பைக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். தொட்டிக்குத் தனி ஆர்ஓ வைத்து, அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றையும் சேர்த்து, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீர் எடுங்கள். கழிவாகப் போகும் தண்ணீரை நாங்கள் தரை துடைக்க வைத்துக்கொள்கிறோம்.

கோவளத்தில் கடலே இருக்கிறதே, கேனில் பிடித்து வரலாமே என்று கேட்பார்கள். கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடை கலந்திருக்கும், மழைக்காலத்தில் உப்பளவும் இறங்கிவிடும். நான் செயற்கைக் கடலுப்புதான் கரைக்கிறேன். ஒரு லிட்டருக்கு 36, 37 கிராம் ஆகும். தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சின்ன மோட்டார் வைத்து ஒரு நாள் கலக்க விடுங்கள். உப்பைக் கொட்டி அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு பிரிந்து வெள்ளையாகப் படிந்துவிடும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு, காட்ட வேண்டும். அந்தக் கருவியையும் மாதம் ஒரு முறை அதற்கான 35 அளவுத் திரவத்தில் சரிபாருங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் தினமும் குறைவதை மீட்டரில் பூஜ்யம் காட்டும் நல்ல தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

கல் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நான் தூத்துக்குடிக்காரன். அப்பா சங்கு குளிக்கப் போனவர். எங்கள் தெருவில் பழைய வீட்டுச் சுவர் பெயர்ந்தால் உள்ளே முருகைக்கல், அதாவது பவளக்கல், தெரியும். பூ மாதிரி, மூளை மாதிரி கோடு ஓடிய கல். சின்ன வயதில் அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று எனக்குத் தெரியாது. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் அப்படி வெட்டி வெட்டித்தான் தூத்துக்குடிக்கு எதிரே விலாங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. காவலுக்கு இருந்த பவளப்பாறை போனபின் மணல் எப்படி நிற்கும்? மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று கணக்கில் சொல்வதில் இந்த இரண்டும் அடக்கம், மிஞ்சியவை 19தான்.

அதனால் கடலிலிருந்து எடுத்த கல்லை என் தொட்டியில் வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001இல் பாறை கட்டும் கல்பவளங்கள் எல்லாம் சேர்க்கப்பட்டன. கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டையும் அப்போது அந்தப் பட்டியலில் சேர்ந்தன. கடையில் கடல் கல்லை 'லைவ் ராக்' என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொட்டிக்கென்றே செய்த பீங்கான் கல் கிடைக்கிறது, பொடிப்பொடியாக ஓட்டை உள்ளது. எனக்கு 15 கிலோ போதுமானதாக இருந்தது. அடியில் சுண்ணாம்புச் சத்துள்ள ஆரகோனைட் மணல் ஒரு அங்குலம். மெரினா மணல் ஆகாது.

கல் வைத்து உப்புத் தண்ணீர் நிரப்பியதும் தொட்டி அழகாகத் தெரியும். அன்றைக்கே மீன் வாங்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். மீன் கழிவிலிருந்து வருவது அம்மோனியா, கொஞ்சம் ஏறினாலே கொல்லும். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. இந்தப் பாக்டீரியாக்கள் கல்லின் ஓட்டைகளில் குடியேற ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். நான் மீன் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு இறாலைத் துணியில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். அது அழுகி அம்மோனியா ஏறியது, அப்புறம் நைட்ரைட் ஏறியது, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கின. எனக்கு 38 நாள் ஆனது. அந்த 38 நாளும் விளக்கே போடவில்லை. வீட்டில் எல்லோரும் இதென்ன இருட்டுத் தொட்டி என்றார்கள்.

விளக்கு போட்ட இரண்டாவது வாரம் கல்லெல்லாம் பழுப்புப் பாசி படரும், பிறகு பச்சையாக முடி மாதிரி வளரும். இது எல்லாத் தொட்டிக்கும் வரும் பருவம், மருந்து எதுவும் ஊற்றாதீர்கள். நாலைந்து டர்போ நத்தைகளை விடுங்கள், விளக்கை எட்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள், முடிப்பாசியைக் கையால் பிடுங்குங்கள். எனக்கு மூன்று மாதத்தில் அடங்கியது.

நீரோட்டத்துக்கு ஒரு வேவ் பம்பு வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்த அப்பா தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏல, தண்ணி ஒரே பக்கமாத் தள்ளுதே, கடல்ல இப்படியா இருக்கும்? போயிட்டுத் திரும்பும்லா" என்றார். அவர் சொன்னது சரி. ஒரே திசையில் அடித்தால் பவளத்தின் ஒரு பக்கம் சதை தேயும், மறுபக்கம் அழுக்கு தங்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு பம்பு வைத்து இரண்டும் மாறி மாறி ஓடும்படி செய்தேன். ஒரு வாரத்தில் லெதர் பவளம் முழுதாக விரிந்தது.

பவளங்களில் நான் மென்பவளங்களோடு நிறுத்திக்கொண்டேன். லெதர், மஷ்ரூம், ஜீனியா, ஜோவாந்தஸ். எல்லாமே வேறு தொட்டிகளில் வளர்ந்ததிலிருந்து நண்பர்கள் வெட்டிக் கொடுத்த துண்டுகள். கடையில் வாங்கினால் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, இறக்குமதிக் காகிதம் பார்த்து வாங்குங்கள். இவற்றுக்குக் கால்சியம் தனியாக ஊற்ற வேண்டியதில்லை, வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றினாலே போதும். புதுத் துண்டை மணல் மேல், வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்து, இரண்டு வாரத்தில் மெல்ல மேலேற்றுங்கள். ஜோவாந்தஸில் ஒரு எச்சரிக்கை. அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றவோ கொதிக்க வைக்கவோ கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

மீன் கடைசியில்தான். தொட்டியில் பிறந்த கோமாளி மீன் ஜோடியோடு தொடங்குங்கள். அவற்றைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையமே உருவாக்கியிருக்கிறது. கடலில் பிடிக்க வேண்டிய தேவை இல்லை, அவை வாழக் கடற்சாமந்தியும் தேவை இல்லை. நீல நிற டாங் மீனைக் குழந்தைகள் கேட்பார்கள். அது ஓரடி வளரும், மூன்றடித் தொட்டியில் போடுவது பாவம்.

எந்த மீனையும் நேராகத் தொட்டியில் விடாதீர்கள். நான் ஒரு தடவை விட்டேன். ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் உப்பு தூவியது போல வெள்ளைப் புள்ளி, ஒட்டுண்ணியின் வேலை. எல்லா மீனையும் பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றி 30 நாள் செம்பு மருந்து கொடுத்தேன். செம்பு நத்தையையும் பவளத்தையும் கொல்லும் என்பதால் பெரிய தொட்டியில் ஊற்ற முடியாது. அந்த ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாகட்டும் என்று 76 நாள் தொட்டியை மீனில்லாமல் ஓட்டினேன். இப்போது புது மீன் ஒரு மாதம் டப்பில் இருந்துவிட்டுத்தான் உள்ளே போகும்.

கொசு மருந்து பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிளக்கில் செருகும் திரவம், ஸ்ப்ரே, கொசுவத்தி எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துதான். மீனுக்கும், அதைவிட இறாலுக்கும் அது விஷம். ஒரு மழைக்கால இரவு ஹாலில் ஸ்ப்ரே அடித்தோம், காலையில் என் இரண்டு கிளீனர் இறாலும் மல்லாந்து கிடந்தன. அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டு மருந்தையே நிறுத்திவிட்டோம்.

கரண்ட் போனால் முதலில் தீர்வது தண்ணீரில் உள்ள காற்று. இன்வெர்டரில் வேவ் பம்பை மட்டும் மாட்டுங்கள், அது பத்து வாட்தான் இழுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த ஒரு பம்பை ஓட்டினோம், ஒரு உயிர்கூடப் போகவில்லை. மே மாதம் என்றால் சூட்டையும் பார்க்க வேண்டும். ஃப்ரீசரில் எப்போதும் நாலு பாட்டில் ஆர்ஓ தண்ணீர் உறைய வைத்திருக்கிறேன். மூடியைத் திறக்காமல் பாட்டிலோடு சம்பில் மிதக்க விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஒரு மணி நேர வேலை. தொட்டியிலிருந்து ஒரு 20 லிட்டர் கேன் தண்ணீர் எடுத்து, அதே உப்பளவில், அதே சூட்டில் ஒரு கேன் புதுத் தண்ணீர் ஊற்றுவது. தண்ணீர் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழுவுவது. உப்பளவு, நைட்ரேட், காரத்தன்மை மூன்றையும் பார்த்து நோட்டில் எழுதுவது. காரத்தன்மை அதற்கான டிகேஎச் அலகில் 8, 9இல் நின்றால் போதும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவேன். ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று தீனியை மடித்து, தேதி எழுதி வைத்துவிடுவேன். டப்பாவைக் கொடுத்தால் பாசத்தில் கூடுதலாகப் போட்டுவிடுவார். நல்ல தண்ணீர் கேனில் கோடு போட்டு, தினமும் இந்த அளவு சம்பில் ஊற்றுங்கள் என்று காட்டிவிடுவேன். தெர்மாமீட்டர் 29ஐத் தாண்டினால் ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்கு போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.