டெக்கின் முதுகைப் பாருங்கள்: வீட்டில் கிடக்கும் வீடியோ கேசட்டைக் கணினிக்கு ஏற்றுவது எப்படி?

அக்காவின் கல்யாண கேசட்டில் கலரே வரவில்லை. இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். ரங்கூனில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். "டேப் செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுடுங்க" என்று பர்மியத்தில் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டேப் சாகவில்லை. கேசட்டை ஓட்டும் டெக்கின் பின்பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச், தப்பான பக்கம் தள்ளியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதே கதை உங்கள் வீட்டிலும் நடந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பதினேழு கேசட் இருந்தன. பாதி இங்கே எடுத்தவை: அக்கா கல்யாணம், தம்பி காதுகுத்து, பீலிக்கான் கோயில் திருவிழா. மீதி எல்லாம் அத்தை மெட்ராஸிலிருந்து அனுப்பியவை. 1964இல் இங்கே கடைகளைத் தேசியமயமாக்கிய பிறகு கப்பலேறிப் போன குடும்பம் அது. பிற்காலத்தில் யார் ரங்கூன் வந்தாலும் அவர்கள் பெட்டியில் ஒரு கேசட்டைத் திணித்து அனுப்புவார். தூர்தர்ஷனில் வந்த செவ்வாய்க்கிழமை நாடகங்கள்தான் முக்கால்வாசி. மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து விளம்பரம் வரும்போது பதிவை நிறுத்துவாராம். சில இடங்களில் அவர் அசந்துபோயிருக்கிறார். பாதி சோப்பு விளம்பரம் ஓடி, வெடுக்கென்று நாடகம் தொடங்கும். எனக்கு இப்போது நாடகத்தைவிட அந்தப் பாதி விளம்பரங்கள்தான் பிடித்திருக்கின்றன.

என்னென்ன வேண்டும்

ஓடுகிற டெக் ஒன்று. கடைசி வரை டெக் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது, அதனால் பழசுதான் கிடைக்கும். வாங்கும்போது மல்டி சிஸ்டமா, அதாவது வேறு வேறு நாட்டு டிவி முறைகளில் பதிந்த கேசட்டையும் ஓட்டுமா என்று பார்த்து வாங்குங்கள். ஏன் என்பது மூன்றாம் படியில் வரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள வயர். அதைக் கணினியில் செருக ஒரு யுஎஸ்பி கேப்சர் குச்சி. படத்தைக் கணினியில் பதிய ஓபிஎஸ் ஸ்டூடியோ, இலவச மென்பொருள். குச்சியோடு வரும் சிடியில் ஒரு பதிவு மென்பொருள் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். சிடியிலிருந்து, குச்சியைக் கணினி அடையாளம் காண உதவும் டிரைவரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஓரம் வையுங்கள்.

படி 1: டேப்பைப் பாருங்கள்

கேசட்டின் முதுகு விளிம்பில், லேபிள் ஒட்டும் பக்கம், இடது ஓரத்தில் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். முதல் வேலையாக அதை உடைத்துவிடுங்கள். இனி கை தவறி ரெக்கார்டை அமுக்கினாலும் கல்யாணத்தின் மேல் எதுவும் பதியாது.

அப்புறம் கண்ணாடிச் சன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றின் ஓரத்தில் மாவு தூவியது போல வெள்ளையாக இருந்தால் பூஞ்சை. நம் ஊர் மழைக்கு இது இல்லாத வீடு குறைவு. அதை அப்படியே டெக்கில் போட்டால் பூஞ்சை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் மூடி வைத்தேன். பிறகு அடியில் உள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றி, இரண்டு சுருளையும் வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் மாற்றினேன். மாற்றுவதற்கு முன் டேப் எந்த உருளையைச் சுற்றி எந்தப் பக்கமாகப் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்காமல் நான் பட்ட பாடு தனிக் கதை. ஓரத்துப் பூஞ்சையை நூல் விடாத துணியால் மெல்ல ஒற்றி எடுத்தேன். முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், பொடி மூக்கில் ஏறும்.

படி 2: ஹெட்டைத் துடையுங்கள்

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு துண்டு வெள்ளைத் தாள். தாளை நனைத்து ஹெட் உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உருளையை மட்டும் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்க்கவே கூடாது, ஹெட் முனை உடைந்துபோகும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் கூடாது, இழை மாட்டிக்கொள்ளும். கடையில் விற்கும் கிளீனிங் கேசட் எனக்குப் பிடிக்காது. சொரசொரப்புக் காகிதத்தால் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி வேலை அது.

படி 3: சிஸ்டம் (இங்கேதான் நான் விழுந்தேன்)

இங்கே பர்மாவில் டிவி என்டிஎஸ்சி முறையில் ஓடியது. 525 கோடு, நொடிக்கு ஏறத்தாழ 30 படம். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பால். குடிக்கிற பால் இல்லை, 625 கோடும் நொடிக்கு 25 படமும் உள்ள முறையின் பெயர். ஆக ரங்கூன் தமிழர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இரண்டு சாதியும் கலந்தே கிடக்கும். இங்கே கேமராக்காரர் எடுத்த கல்யாணம் ஒரு சிஸ்டம், அத்தை அனுப்பிய நாடகம் வேறு சிஸ்டம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கேசட் ஒரே கேசட்தான். லேபிளைப் பார்த்தால் கொஞ்சம் ஊகிக்கலாம். E-180 மாதிரி E எழுத்தில் தொடங்கினால் பால் நாட்டில் விற்றது, T-120 மாதிரி T எழுத்து என்டிஎஸ்சி நாட்டில் விற்றது. ஆனால் வெற்று கேசட் எங்கே வாங்கியது என்பதைத்தான் அது சொல்லும், எந்த முறையில் பதிந்தது என்பதைச் சொல்லாது. சிங்கப்பூரிலிருந்து வெற்று கேசட் வாங்கி வந்து இங்கே கல்யாணம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஓபிஎஸ்ஸில் கேப்சர் குச்சியைச் சேர்த்ததும் "கான்ஃபிகர் வீடியோ" என்ற பொத்தான் வரும். அதில் "வீடியோ டிகோடர்" என்ற தாவலில் சிஸ்டம் பட்டியல் இருக்கிறது. உள்ளூர் கேசட்டுக்கு என்டிஎஸ்சி எம், மெட்ராஸ் கேசட்டுக்குப் பால் பி. மாற்றி வைத்தால் படம் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கும், அல்லது கோணல் மாணலாகக் கிழியும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நானும் சரியாகத்தான் வைத்தேன்.

அக்கா கல்யாணம் உருளவில்லை, கிழியவில்லை. மணவறை, நாதஸ்வரக்காரர், மாப்பிள்ளை தோழன் எல்லாம் கல்லில் செதுக்கிய மாதிரி நின்றார்கள். ஆனால் கறுப்பு வெள்ளை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நான் அன்னிக்கு அரக்குல பச்சை பார்டர் கட்டியிருந்தேன்டா" என்றார். "டேப் பழசாகிடுச்சும்மா, கலர் போயிடுச்சு" என்றேன். "எனக்கு வயசானா புடவைக்கும் வயசாகுமா? மெஷினைப் பாரு" என்றார். நான் பார்க்கவில்லை. கடைக்குத்தான் ஓடினேன்.

விஷயம் இதுதான். மல்டி சிஸ்டம் டெக்குகள் பலவற்றில் பின்பக்கம் 3.58, 4.43 என்று இரண்டு எண் போட்ட சுவிட்ச் இருக்கும். என்டிஎஸ்சியின் நிறத் தகவல் 3.58 மெகாஹெர்ட்ஸில் வரவேண்டும். பால் டிவி வைத்திருப்பவர்களும் என்டிஎஸ்சி கேசட்டைக் கலரில் பார்க்கட்டும் என்று, அதே நிறத்தை 4.43க்கு ஏற்றி அனுப்பும் வசதி டெக்கில் வைத்தார்கள். எனக்கு முன் அந்த டெக்கை வைத்திருந்தவர் 4.43இல் விட்டிருக்கிறார். கேப்சர் குச்சி 3.58இல் காத்துக்கொண்டிருக்கிறது. கோடும் படமும் சரியான கணக்கில் வருவதால் உருவம் நிற்கிறது, நிறம் மட்டும் தெரியவில்லை. சுவிட்சை நகர்த்திய உடனே அம்மாவின் புடவை அரக்காகிவிட்டது. பார்டர் பச்சைதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆக, உருண்டால் கணினியில் சிஸ்டத்தை மாற்றுங்கள். நின்ற படத்தில் கலர் மட்டும் இல்லையென்றால் டெக்கின் முதுகைப் பாருங்கள். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் மட்டும் டேப்பைக் குறை சொல்லலாம்.

படி 4: பதிவு

படம் அடிக்கடி நீலத் திரையாகிவிட்டால், டெக்கின் மெனுவில் "புளூ பேக்" என்பதை அணைத்துவிடுங்கள். டிராக்கிங்கை மெல்லத் திருகி, அடியில் பனி மாதிரி வரும் கோடுகளைக் குறையுங்கள்.

ஓபிஎஸ் அமைப்பில் படத்தின் அளவு பாலுக்கு 768க்கு 576, என்டிஎஸ்சிக்கு 640க்கு 480. நொடிக்கு 50 படம், என்டிஎஸ்சி என்றால் 59.94. பிறகு சோர்ஸின் மேல் வலது கிளிக் செய்து "டீஇன்டர்லேசிங்" பட்டியலில் "யாடிஃப் 2 எக்ஸ்" தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் யாராவது கையை வீசும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு வரும். ஒலி தனி மைக்காகக் கணினியில் தெரியும், அதையும் மறக்காமல் சேருங்கள். ஒரு முழு நாடகத்தை ஊமைப்படமாகப் பதிந்த ஆள் சொல்கிறேன்.

அடுத்தது ரங்கூன்காரர்களுக்கு. பதிவு வடிவத்தை எம்கேவி என்று வையுங்கள், எம்பி4 வேண்டவே வேண்டாம். நமக்குக் கரண்டு முறை வைத்துத்தான் வருகிறது. சாதாரண எம்பி4இல் பதியும்போது நடுவில் கணினி அணைந்தால் அதுவரை பதிந்ததெல்லாம் திறக்காத கோப்பாகப் போய்விடும். எம்கேவியில் அணைந்த நொடி வரை இருப்பது பிழைக்கும். எல்லாம் முடிந்த பிறகு ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் "ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்" கொடுத்தால் சில நிமிடத்தில் எம்பி4 ஆகிவிடும், தரமும் குறையாது.

கரண்டு போனால் கேசட் டெக்குக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். டேப் அப்போது ஹெட்டைச் சுற்றி இழுத்துக்கட்டிய நிலையில் இருக்கும். கத்தி வைத்து நெம்பாதீர்கள். கரண்டு வந்ததும் எஜெக்ட் அமுக்கி வெளியே எடுங்கள்.

நொடிக்கு 6000 கிலோபிட் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.7 ஜிபி. கல்யாணத்துக்கு அது போதும், அதற்கு மேல் வைப்பதால் இந்த விஎச்எஸ் கேசட் படம் அழகாகிவிடாது.

படி 5: யார், எந்த நிமிடம்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கோப்பு கணினியில் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மொஹிங்கா சாப்பிட்டுவிட்டு அம்மாவை உட்காரவைத்து ஓடவிட்டேன். போனை மேசையில் வைத்து அவர் பேசுவதைப் பதிந்தேன். "இவர்தான் பெகுவில மளிகைக் கடை வச்சிருந்தவர்", "இந்தப் பிள்ளை இப்ப சிங்கப்பூர்ல" என்று வந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு நோட்டில் நிமிடம், பெயர், உறவு என்று எழுதினேன். நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டால் அவருக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. முழுதும் ஓடவிட்டு, இரண்டாம் முறைதான் கேட்க வேண்டும். ஒரே உட்காரலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள்.

புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை

அதே டிரங்கில் அப்பா வார இதழ்களிலிருந்து கிழித்துப் பைண்டு செய்த தொடர்கதைகளும் இருந்தன. இவற்றை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு பிளந்துவிடும். சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பாதி திறந்த நிலையில், போனிலேயே எடுத்தேன். தாள் மெல்லியது என்பதால் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும். படம் எடுக்கும் பக்கத்துக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளைச் செருகுங்கள், பாதிக்கு மேல் மறைந்துவிடும்.

பின்சேர்க்கை 1: இன்வெர்ட்டரில் டெக்கை ஓட்டினால் படத்தில் குறுக்குக் கோடும் ஒலியில் உறுமலும் வருவதாக இருவர் எழுதியிருந்தார்கள். எனக்கும் வந்தது. மலிவு இன்வெர்ட்டர்கள் தரும் மின்சாரம் சீரான அலை இல்லை, அதுதான் காரணம். "ப்யூர் சைன்" வகை இரவல் வாங்கிப் பார்த்தேன், நின்றுவிட்டது. அது கிடைக்காதவர்கள் கரண்டு வரும் நேரத்தில் டெக்கை ஓட்டுங்கள், மடிக்கணினி அதன் பாட்டரியில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை 2: மௌல்மீனிலிருந்து ஒருவர், பென்டிரைவில் கல்யாணம் ஏறவே மாட்டேன் என்கிறது, இடம் நிறைய இருக்கிறது என்றார். ஃபேட் 32 வடிவ பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் ஏறும், ஆனால் பழைய டிவிகள் அதைப் படிக்காது. அத்தைக்கு அனுப்பும்போது நானும் இதில் மாட்டினேன். கடைசியில் தாலி கட்டுவது வரை ஒரு கோப்பு, பந்தியிலிருந்து ஒரு கோப்பு என்று வெட்டி அனுப்பினேன். அத்தை இரண்டாவதைத்தான் முதலில் போட்டாராம்.