போர்க்கால அயர்லாந்தின் பதக்க ரிப்பன்கள்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

பதக்கம் சேகரிப்பவர்கள் பலர் ரிப்பனைக் கண்டுகொள்வதில்லை. பதக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற துணிதானே என்று விட்டுவிடுவார்கள். நான் ரிப்பனில்தான் தொடங்கினேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை, காசுதான். அசல் பதக்கத்துக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு கை நிறைய ரிப்பன் துண்டுகளும், பதக்கத்துக்குப் பதிலாகச் சீருடையில் குத்திக்கொள்ளும் ரிப்பன் பார்களும் வாங்கிவிடலாம். அப்புறம்தான் இன்னொரு லாபம் புரிந்தது: துணியைப் பார்த்துப் பழகிய கண் பிறகு பதக்கம் வாங்கும்போது சுலபத்தில் ஏமாறாது.

படி 1: காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. அதனால் அங்கே அந்த வருடங்களைப் போர் என்றுகூடச் சொல்வதில்லை, 'எமர்ஜென்சி' என்பார்கள். 1939 செப்டம்பரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பணி செய்தவர்களுக்கான பதக்கம் 1944-இல் உருவாக்கப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சிக்கான பதக்கமும், விடுதலைப் போருக்கான 1917–21 பதக்கமும் உருவானது 1941-இல்தான். சண்டை முடிந்து கிட்டத்தட்ட இருபது வருடமோ அதற்கு மேலோ ஆன பிறகு! ஆக, மூன்றுமே 1940-களில் பிறந்தவை. புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த மூன்று போதும்.

அயர்லாந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் பிரிட்டிஷ் படையிலும் சேர்ந்து போரிட்டார்கள். அதனால் ஐரிஷ் ரிப்பன்கள் என்று விற்கிற கட்டுகளில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று பட்டை கொண்ட 1939–45 ஸ்டார் என்ற பிரிட்டிஷ் பதக்கத்தின் ரிப்பனும் கலந்து வரும். அதைத் தூக்கிப் போட வேண்டாம், தனி உறையில் வையுங்கள்.

படி 2: மூன்று ரிப்பனையும் மனப்பாடம் செய்யுங்கள்

1916 பதக்கத்தின் ரிப்பனில் பாதி பச்சை, பாதி ஆரஞ்சு. அணிந்திருப்பவரை எதிரே நின்று பார்த்தால், அயர்லாந்துக் கொடியைப் போலவே பச்சை இடப்பக்கம் வரும். ரிப்பன் பார் ஒன்றில் இது மாறியிருந்தால், யாரோ பிரித்து மறுபடி தைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

1917–21 ரிப்பனில் பாதி கறுப்பு, பாதி காக்கி கலந்த பழுப்பு. விடுதலைப் போரை ஒடுக்க வந்த பிரிட்டிஷ் ஆட்களின் சீருடையை வைத்து மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'பிளாக் அண்ட் டான்'. கடைசியில் அவர்களை எதிர்த்தவர்கள் நெஞ்சில் குத்திக்கொண்ட பதக்கத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நேரடிச் சண்டையில் இருந்தவர்களின் ரிப்பன்மேல் 'கோம்ரக்' என்று பொறித்த உலோகப் பட்டை இருக்கும். ஐரிஷ் மொழியில் சண்டை என்று பொருள். இந்தப் பட்டை இருந்தால் விலை ஏறும் என்பதால், இல்லாத ரிப்பனில் பிற்பாடு ஏற்றி விற்பவர்களும் உண்டு. பட்டைக்கு அடியில் துணியைப் பாருங்கள். எத்தனையோ வருடம் அங்கேயே இருந்த பட்டை துணியில் தடம் பதிக்காமல் இருக்காது.

எமர்ஜென்சி ரிப்பன் ஆரஞ்சு நிறம், நடுவில் வெள்ளைக்கோடு. கோடு ஒன்றா இரண்டா என்பது அணிந்தவர் எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்தது. ராணுவம் மட்டுமல்ல, உள்ளூர்ப் பாதுகாப்புப் படை, விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் பணி, செஞ்சிலுவைச் சங்கம் என்று பலருக்கும் இந்தப் பதக்கம் கிடைத்தது. எந்தப் பிரிவு என்று பதக்கத்தின் பின்பக்கத்தில் ஐரிஷில் எழுதியிருக்கும். வணிகக் கப்பல்களில் போனவர்களுக்குத் தனிப் பதக்கம்.

படி 3: திருப்பிப் பாருங்கள்

இந்தப் பொழுதுபோக்கில் எனக்குத் தெரிந்த ஒரே ரகசியம் இதுதான். முன்பக்கம் எழுபது எண்பது வருட வெளிச்சத்தில் வெளுத்திருக்கும். பின்பக்க மடிப்புக்குள், ஊசிக்குக் கீழே ஒளிந்திருக்கும் அரை அங்குலத் துணியில் நெய்தபோது இருந்த நிறம் அப்படியே இருக்கும். என்னிடம் உள்ள எமர்ஜென்சி பார் ஒன்று முன்னால் வெளுத்த பரங்கிக்காய் நிறம். மடிப்பை விரித்தால் செங்காவி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பளபளத்தால் ஒன்று அது அலமாரியை விட்டு வெளியே வராத சரக்கு, இல்லையென்றால் போன வருடம் நெய்தது.

அதனால் இணையத்தில் வாங்கும்போது பின்பக்கப் படம் கேளுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

படி 4: இரண்டு சோதனைகள்

முதலில் புறஊதா டார்ச். துணியை வெண்மையாகக் காட்டும் ரசாயனங்கள் 1950-களில்தான் பரவலாயின. இருட்டறையில் அடித்துப் பார்க்கும்போது வெள்ளைக்கோடு நீலமாக ஜொலித்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பழைய ரிப்பனைப் பிற்காலத்தில் சோப்புத்தூளில் அலசியிருந்தாலும் அப்படித்தான் ஒளிரும். தவிர, இந்தப் பதக்கங்களுக்கு விண்ணப்பிப்பது 1940-களோடு நின்றுவிடவும் இல்லை. பிறகு வழங்கப்பட்டதில் பிந்தைய துணி இருப்பது இயல்பே.

அடுத்தது பட்டுப்புடவைக்காரர்களின் பழைய சோதனை. ஓரத்தில் பிரிந்து தொங்கும் ஒரே ஒரு இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனை வந்தால் பட்டு. காகிதம் எரிகிற வாசனை என்றால் பருத்தி அல்லது ரேயான். உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் பாலியஸ்டராக இருக்கலாம். பாலியஸ்டர் என்றால் அது 1940-களின் ரிப்பனாக இருக்க முடியாது. இழை தானாகப் பிரிந்திருந்தால் மட்டும் செய்யுங்கள். சோதனைக்காக வெட்ட வேண்டாம்.

படி 5: துவைக்காதீர்கள்

சொன்னால் கேட்க மாட்டீர்கள், நானும் கேட்கவில்லை. அழுக்காக இருக்கிறதே என்று ஒரு எமர்ஜென்சி ரிப்பனை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம்தான் போட்டேன். ஆரஞ்சு கசிந்து வெள்ளைக்கோடு ரோஸ் கலருக்கு வந்துவிட்டது. இன்றும் அதை வைத்திருக்கிறேன், புதிதாக வருபவர்களுக்குக் காட்ட. தூசியைத் தட்டினால் போதும் என்றால் மென்மையான பிரஷ்.

வைப்பதற்கு அமிலமில்லாத காகிதம், அதன்மேல் பாலியஸ்டர் உறை. மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துத் துணியைக் கெடுக்கும். செலோடேப், பசை கூடவே கூடாது. வெயில் படாத இழுப்பறை, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான்.

படி 6: கூடவே வரும் காகிதம்

ரிப்பனில் பெயர் இருக்காது. 1917–21 பதக்கங்களேகூடப் பெரும்பாலும் பெயர் பொறிக்காமல் கொடுக்கப்பட்டவை. ஆகவே இந்த ரிப்பன் யாருடையது என்ற கேள்விக்கு விடை, ரிப்பனோடு சேர்ந்து வரும் அட்டைப்பெட்டியிலோ உறையிலோ கடிதத்திலோதான் கிடைக்கும். விற்பவர் அதைக் குப்பை என்று நினைத்திருப்பார். தயவுசெய்து சேர்த்து அனுப்புங்கள் என்று கேட்டு வாங்குங்கள். பெயர் கிடைத்துவிட்டால், டப்ளின் ரத்மைன்ஸில் கஹல் புரூ படைமுகாமில் இருக்கும் ராணுவ ஆவணக் காப்பகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். 1916–23 காலத்து ஓய்வூதிய, பதக்க விண்ணப்பக் கோப்புகளைப் பகுதி பகுதியாக அங்கே இலவசமாக வெளியிட்டு வருகிறார்கள். ஊர்ப்பெயரோடு தேடினால் வேகமாகக் கிடைக்கும்.