டெல்லி குளிர்காலம்: எதிர்ப்பு சக்திய ஏத்தறத விட அதோட வேலைய குறைங்க

நவம்பர் வந்தாலே நம்ம டெல்லி தமிழ் வீடுகள்ல சுக்கு மிளகு கஷாயம் கொதிக்க ஆரம்பிச்சிடும், தொண்டைக்கு இதமா இருக்கும் தாராளமா குடிங்க, ஆனா குடிச்சிட்டு மாஸ்க் இல்லாம ஆர்.கே.புரம் மலை மந்திர் வரைக்கும் விடியக்காலை புகைக்காத்துல நடந்து போனா பிரயோஜனம் இல்ல. ஏன்னு தெரிஞ்சா மத்தத நீங்களே பாத்துக்குவீங்க.

மூச்சுக்குழாய் உள்ள சளியும் சிலியான்னு பொடிப்பொடி இழையும் இருக்கு, தூசி கிருமி எது வந்தாலும் சளியில ஒட்டும், சிலியா அத மேல தள்ளிடும். புகை இந்த ஏற்பாட்டையே கெடுக்குது. பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதுக்கு சின்னதுமான துகள், நுரையீரலோட காத்துப்பை வரைக்கும் இறங்கிடும். அங்க மேக்ரோஃபேஜ்னு ஒரு செல் காவல் இருக்கு, கிருமிய முழுங்கறதுதான் அதோட வேலை, அது கரித்துகள முழுங்கியே திணறிட்டு இருந்தா நிஜ பாக்டீரியா வர்றப்ப சரியா வேலை செய்யாது. அதே நேரம் ஐஎல்-6 மாதிரி அழற்சி சிக்னல வேற விட்டுட்டே இருக்கும். டீசல் புகை பட்டா அலர்ஜிக்கான ஐஜிஇங்கற ஆன்டிபாடி ஏறவும் செய்யும். அதனால எதிர்ப்பு சக்தி குறையுதுன்னு மட்டும் சொன்னா பாதிதான் சரி, தேவையான எடத்துல சோர்ந்து போகுது, தேவையில்லாத எடத்துல எகிறுது. இதுக்கு பூஸ்டர் மாத்திரை என்ன பண்ணும் சொல்லுங்க?

உள்ள போற புகைய குறைக்கறதுதான் வழி. காலைல எழுந்ததும் சமீர் ஆப்ல பக்கத்து ஸ்டேஷன் ஏக்யூஐ, அதாவது காத்து எவ்வளவு மோசம்னு காட்டற நம்பர் பாருங்க. குளிர்காலத்துல ராத்திரியும் விடியக்காலையும் காத்து கீழயே அடைஞ்சு நிக்கும், வெயில் ஏறினா கொஞ்சம் கலையும், அதனால வாக்கிங்க மதியத்துக்கு மாத்துங்க, 300 தாண்டினா வீட்டுக்குள்ளயே நடங்க. ஊர்லேந்து வந்திருக்கற அப்பா அம்மா அஞ்சு மணிக்கே கிளம்புவாங்க, அவங்கள மட்டும் எப்படியாவது தடுத்துடுங்க.

மாஸ்க்னா என்95தான், துணி மாஸ்க் இந்த துகளுக்கு ஆகாது. மூக்கு மேல இருக்கற கம்பிய அழுத்திட்டு ரெண்டு கையாலயும் மாஸ்க மூடி பலமா ஊதிப் பாருங்க, கன்னத்தோரமோ கண்ணுக்கிட்டயோ காத்து பட்டா சரியா உக்காரலைன்னு அர்த்தம், திரும்ப போடுங்க. தாடி இருந்தா நிச்சயமா உக்காராது.

வீட்டுக்குள்ள நாமளே போடற புகை இருக்கே, அதத்தான் யாரும் கணக்குல எடுக்கறதில்ல. கொசுவத்திச் சுருள் ஒண்ணு எரிஞ்சா வர்ற பிஎம் 2.5, 75லேந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு 2003ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது, கதவ சாத்திட்டு அத பக்கத்துல வெச்சு குழந்தைய தூங்க வெக்காதீங்க, கொசு வலை கட்டுங்க. ஊதுவத்தி சாம்பிராணியும் புகைதான், நவம்பர்லேந்து ஜனவரி வரைக்கும் விளக்கு மட்டும் ஏத்துனா சாமி கோச்சுக்க மாட்டார். தாளிக்கறப்ப சிம்னி ஓடட்டும்.

பியூரிஃபையர் வாங்கறதா இருந்தா ஹெப்பா ஃபில்டர் இருக்கா பாருங்க, அப்புறம் சிஏடிஆர், அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் காத்த சுத்தம் பண்ணும்ங்கற அளவு. ரூமோட நீளம் அகலம் உயரத்த மீட்டர்ல பெருக்கி அத அஞ்சால பெருக்குங்க, வர்ற நம்பருக்கு குறையாத மெஷின் வேணும், 4க்கு 3 மீட்டர் ரூம் 3 மீட்டர் உயரம்னா 180. ஒண்ணுதான் வாங்க முடியும்னா தூங்கற ரூம்ல வைங்க.

ஃப்ளூ ஊசிய டாக்டர்கிட்ட கேட்டு அக்டோபருக்குள்ள போட்டுடுங்க, முக்கியமா வயசானவங்களும் ஆஸ்துமா, சுகர் இருக்கறவங்களும். இன்ஹேலர நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்தாதீங்க. மூச்சு இழுக்கறப்ப விலா உள்ள போனாலோ, பேசிட்டே இருக்கறப்ப மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ வீட்டு வைத்தியம் பாக்காம உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க.